வேலை கொடுத்தால் அடங்கும்

ஆடிக்காற்றில் எங்கள் வீட்டுக் குடை ஒன்று மடங்கிப் போனது. துணி கிழிந்து, கம்பிகள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு நின்றன. கொண்டுபோய்க் குப்பைக் கிடங்குக்குள் போட்டேன். அடுத்த கிழமை பார்த்தால், பின்வளவில் குடியிருந்த அக்காவின் பாத்தியில் அதே குடை நிற்கிறது. துணி இல்லை. பிடி மண்ணுக்குள். விரித்த கம்பிகளில் பயற்றங்கொடி ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன அக்கா, உது எங்கடை குடையெல்லே?”

“உங்கடையாய் இருக்கேக்கை குப்பைக்கை கிடந்தது. என்னட்டை வந்தாப் பிறகு உத்தியோகம் பார்க்குது,” என்றார். சொல்லிவிட்டு என் கையில் ஒரு வாளியைத் தந்தார். “வந்தனி சும்மா நில்லாமல் அந்தக் கரைக்குத் தண்ணி ஊத்து.”

அக்காவை நான் அறிந்துகொண்டது அப்படித்தான், கையில் ஒரு வாளியோடு.

உடுவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் குசினியுமாய் ஒரு சின்ன வீடு இருந்தது. அதில் பதினொரு வருஷம் வாடகைக்கு இருந்தார். ஒழுங்கையில் விளையாடித் திரிகிற பிள்ளைகள் அவருக்குப் ‘பேணியக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பால்மாப் பேணி, மீன் பேணி, பெயின்ற் பேணி, எந்த வெறும் தகரப் பேணியைக் கண்டாலும் அவருடைய கை நீளும். வெட்டி விரித்துப் பூவாக்குவார், மெழுகுதிரிக் கூடாக்குவார், ஆட்டுக்குட்டியாக்குவார். சீமெந்துப் பைக் கடதாசியை ஊறவைத்து இடித்துக் கூடை செய்வார். பழைய சீலைக்கரை அவரிடம் போனால் கால்மிதியாய்த் திரும்பி வரும். அவருடைய குசினி மூலையில் குப்பைக்கூடை என்று ஒன்றை நான் கண்டதேயில்லை.

ஆட்களுக்கும் அதே சட்டம்தான். அவர் வீட்டுக்குப் போனால் இருக்கக் கதிரை வராது, புடைக்கச் சுளகு வரும். அக்காவின் வேதக்கோயில் சபையில் இருந்து திருநாள் விஷயமாய்க் கதைக்க வெள்ளைக் காற்சட்டையோடு வந்த ஓர் ஐயா, திரும்பிப் போகும்போது முழங்கை வரைக்கும் எருவோடு போனார். கோபமாகப் போனாரா என்றால் அதுவும் இல்லை. சிரித்துக்கொண்டு, கையில் நாலு கத்தரிக்காயோடு போனார்.

ஊரில் எவருக்கும் அடங்காத ஒரு கடிநாய் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு மீன்பேணியைக் கட்டி, உள்ளே கூழாங்கல் போட்டு, பாத்திக்குப் பக்கத்தில் கோழி கலைக்க விட்டார். நாய் ஓடினால் பேணி கிலுங்கும், கோழி பறக்கும். ஒரு மாதத்தில் அது அக்காவின் காலடியில் கிடந்தது.

“வேலை குடுத்தா எதுவும் அடங்கியிருக்கும், பிள்ளை,” என்றார் அக்கா. “நாயெண்டாலும் சரி, மனுசரெண்டாலும் சரி.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படித்ததெல்லாம் ஆட்களின் வாயில் இருந்துதான். நல்ல கதை யாராவது சொன்னால் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அக்கா சொன்ன இந்த வசனத்தையும் எழுதி, அடியில் கோடும் இழுத்தேன். இப்போது கொப்பியைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டி விடுகிறேன்.

அவருடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். மிஞ்சியது நீலக் கட்டம் போட்ட ஒரு சேட்டு. அக்கா அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. தோய்த்துக் கொடியில் தொங்கவிட்டு, மேற்பையில் மிளகாய் விதை, மடித்த கைக்குள் வெண்டி விதை என்று போட்டு வைத்திருந்தார். காற்றுக்கு அது கைகளை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

“கரையிலை நிக்கேக்கை அந்தாள் ஒரு துரும்பை எடுத்து அங்காலை போட்டதில்லை,” என்பார். “இப்ப பாரன், என்ன பொறுப்பாய் விதை காக்குது.”

அதைச் சொல்லும்போது சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த மனிதர் போன நாள் வருகிறபோது, காலையில் தொடங்கிப் பொழுதுபடும்வரை வீட்டில் இருக்கிற அத்தனை பேணியையும் சாம்பல் போட்டு மினுக்குவார். அன்றைக்கு மட்டும் எனக்கு வேலை தரமாட்டார். எல்லாவற்றையும் தானே செய்வார்.

அவருடைய சொந்தக் காணி வலிகாமம் வடக்கில், கடலுக்குக் கிட்ட. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. விடப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்த நாளிலும் “ஓம், விடுவினம்” என்றுவிட்டு வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். விட்ட அன்று காலையே போய்விட்டார். மாலையில் திரும்பி வந்தபோது கையில் ஒரு பால்மாப் பேணி. நிறையச் செம்மண்.

“வீடு இல்லை. கிணறு கிடக்கு. மண் அப்பிடியே கிடக்கு, பிள்ளை,” என்றார். அந்தப் பேணிக்கு மட்டும் அவர் ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

அந்த ஆவணியில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு அங்கே போய்விட்டார். மாதம் ஒருமுறை நான் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்து வருவேன். போகிற ஒவ்வொரு முறையும் வளவு கொஞ்சம் கொஞ்சமாய்ப் பச்சையாகிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் கத்தரி, வேலியோரம் மரவள்ளி, கொட்டிலுக்குப் பின்னால் நீற்றுப்பூசணி. அந்தப் பூசணி கறிக்கு இல்லை. பாலன் பிறப்பு நாளான நத்தாருக்குச் செய்கிற கேக்குக்குள் போடுகிற பூசணி இனிப்புக்கு. அவருடைய வருஷம் அப்படித்தான் ஓடும். விதை போடும்போதே அது எந்தத் திருநாளுக்கு எந்தப் பாத்திரத்துக்குள் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்து வளவுக்காரர் நல்ல கமக்காரன். வேலிக்கட்டைக்குக் கிடங்கு வெட்டியபோது ஏதோ தட்டுப்பட, முறைப்படி போய்ச் சொன்னார். மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான நாடாவைச் சுற்றிவரக் கட்டினார்கள். மண்டையோட்டுப் பலகை நட்டார்கள். அவருடைய வளவோடு அதற்கு அந்தப் பக்கத்துக் காணியிலும் பாதி அடைபட்டது. உள்ளே தக்காளி பழுத்தது. பிடுங்க ஒருவரும் போகமுடியாது. பழம் வெடித்து, விழுந்து, மண்ணோடு போனது. அக்கா தன் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். எனக்குச் சொன்னார்.

“சொன்ன மனுசன்ரை வளவு பூட்டு. சொல்லாதவன் தக்காளி விக்கிறான். விளங்குதே?”

எனக்கு விளங்கவில்லை. மார்கழி முதல் கிழமைதான் விளங்கியது.

நத்தாருக்குப் பூசணி இனிப்புச் செய்ய என்னையும் வரச்சொல்லியிருந்தார். நான் சைவக்காரிதான், ஆனால் அவருடைய நத்தாருக்கு நான் இல்லாமல் முடியாது. பூசணியைச் சீவி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் கட்டி, தண்ணீர் வடிய இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அமத்த வேண்டும்.

“அந்தப் பாரத்தை எடுத்து மேலை வை,” என்றார்.

அம்மிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை கிடந்தது. நீலக் கட்டம். வாயில் சுருக்குக் கயிறு. உள்ளே ஒரு பெரிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கிற மாதிரி உருவம். தூக்கினேன். அந்த அளவுக்கு அந்தப் பாரம் பொருந்தவில்லை. இரண்டு கையாலும் எடுத்துப் பலகையில் வைத்தேன். உருண்டது. உருளாமல் இருக்க உள்ளங்கையால் அமத்தி, இரண்டு தட்டும் தட்டினேன். அந்த இரண்டு தட்டும் இன்னும் என் கையில் இருக்கின்றன.

பின்னேரம் எடுக்கும்போது கயிறு இளகி வாய் திறந்தது. உள்ளே துரு. துருவுக்குள் ஒரு வளையம். எங்கள் வயதுக்காரருக்கு அதன் பெயரை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பள்ளிக்கூட நாட்களில் பாதியைப் பங்கருக்குள் கழித்தவர்கள் நாங்கள்.

“அக்கா, இது சண்டையிலை அடிச்ச செல்.”

“செல்லாய் இருந்தது,” என்றார், பாகைக் கிண்டிக்கொண்டே.

“எங்கை கிடந்தது?”

“கத்தரிக்குக் கிடங்கு வெட்டேக்கை வந்தது. வாலும் இல்லை, மூக்கும் சப்பளிஞ்சு கிடக்கு. உது வெறும் கோது, பிள்ளை. இத்தினை மாரி குடிச்ச மருந்து இனி என்னத்தைச் செய்யும்?”

“சொல்லுவம் அக்கா. அவையள் வந்து எடுத்துக்கொண்டு போவினம்.”

அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எதை எடுத்துக்கொண்டு போவினம்? உதையோ, என்ரை வளவையோ?”

நான் பையைப் பலகையில் வைக்கப் போய், வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டேன்.

“இருபத்தஞ்சு வருஷம் ஆற்றையோ வீட்டுக் கோடியிலை இருந்தன். உன்ரை கோடியிலையும் இருந்தன். இனி ஒருக்கால் வேலிக்கு வெளியிலை நிண்டு என்ரை பூசணி அழுகிறதைப் பார்க்க என்னாலை ஏலாது.”

பிறகு வந்து, அந்தப் பையை என் கையில் இருந்து வாங்கி, சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டுகிற மாதிரி. அப்போதுதான் அந்தத் துணியை எனக்கு அடையாளம் தெரிந்தது. கொடியில் கை ஆட்டிக்கொண்டு நின்ற சேட்டு. அதன் ஒரு கை.

“வேலை குடுத்தா எதுவும் அடங்கியிருக்கும்,” என்றார்.

அந்த முறை கேக் நல்லாய் வந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். வீட்டுக்கும் கட்டித் தந்தார். பஸ்சில் அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு வருஷம் சொல்லவில்லை. சொந்த மண்ணில் இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிற ஒரு மனுசிக்கு நாடா கட்டுவிக்கிற ஆளாய் நான் இருக்க விரும்பவில்லை. அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் முழுக்க, எந்த மாதம் போனாலும் படலையைத் திறந்ததும் என் கண் முதலில் தேடுவது அந்த நீலக் கட்டத்தைத்தான். தைமாதம் அது கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. சித்திரையில் ஊறிய கடதாசிக் கூழின் மேல் குந்தியிருந்தது. ஆடிக்காற்று வீசிய நாட்களில் விறகு மூடிய தறப்பாளின் மூலையில். ஒருநாள் போனபோது துணிப்பை மட்டும் கொடியில் காய்கிறது. அது முற்றத்தில் வெறும் மேலோடு வெயிலில் கிடக்கிறது. பக்கத்தில் வடகம்.

“என்ன அக்கா உது?”

“சட்டை ஊத்தையாய்ப் போச்சு, தோய்ச்சனான். அதுவும் கொஞ்சம் வெயில் காயட்டன்.”

முதலில் நான் தூரத்தில் குந்துவேன். பிறகு கிட்டக் குந்தினேன். ஆவணியில் ஒருநாள் முற்றம் கூட்டும்போது அது வழியில் கிடக்க, காலால் தள்ளிவிட்டுக் கூட்டினேன். கூட்டி முடித்துத் தும்புத்தடியைச் சாத்தியபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அக்காவுக்குப் பயம் இல்லாதது எனக்கு ஆச்சரியமில்லை. என்னுடைய பயம் எங்கே போனது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரியாய் இருக்கிறது.

கார்த்திகை மழை தொடங்க முதல், மிதிவெடி அகற்றுகிறவர்கள் வீடு வீடாய் வந்து விசாரித்தார்கள். வந்தது ஒரு பெட்டை, வன்னிப் பக்கத்தவள், நல்ல மரியாதையான பிள்ளை. நானும் அன்று அங்கே இருந்தேன். படம் போட்ட ஒரு தாளை விரித்து, “அம்மா, இப்பிடி ஏதும் கண்டனீங்களே?” என்று கேட்டாள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாய்ப் பார்த்தார்.

“வடிவாய்க் கீறியிருக்கிறியள்,” என்றார். “ஒண்டும் காணேல்லைப் பிள்ளை. வந்தனி, இந்த நூலை ஒருக்கால் சுத்தித் தந்திட்டுப் போ.”

அவள் சிரித்துக்கொண்டு நூல் சுற்றிக் கொடுத்தாள். போகும்போது படலையில் வைத்து என் கைக்குள் ஒரு நம்பரைத் தந்தாள். “ஏதும் எண்டா எடுங்கோ அக்கா.” என் முகத்தில் எதையாவது கண்டிருப்பாள். நான் திரும்பி வந்து கொட்டில் முழுக்கப் பார்த்தேன். நீலக் கட்டத்தை எங்கேயும் காணவில்லை. அக்காவிடம் கேட்கவும் இல்லை. போய்விட்டது போல என்று நினைக்க எனக்கு விருப்பமாய் இருந்தது.

நத்தாருக்குப் பத்து நாள் இருக்க அக்கா சிரட்டைகளில் மண் போட்டுக் குரக்கன் விதைப்பார். பாலன் குடிலுக்கு அதுதான் புல்வெளி. நத்தாருக்கு முதல்நாள் அது ஒரு விரல் உயரம் நிற்கவேண்டும். குடில் கட்டுவது கொட்டிலின் மூலையில். சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கி, கூழ் பூசி, கரியும் காவியும் அடித்து மலை. தகரப் பேணியில் வெட்டிய ஆடு, மாடு, மேய்ப்பர். அந்த ஊர் ஒழுங்கைச் சின்னனுகளுக்கும் அவர் பேணியக்காதான்; பள்ளிக்கூட விடுமுறைக்கு எல்லாரும் அங்கேதான். அக்கா விடுவாரா? ஒருவருக்கு ஆடு அடுக்குகிற வேலை, ஒருவருக்குக் குரக்கனுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை, ஒருவருக்கு வைக்கோல்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னம் நான் போனபோது ஏழெட்டுப் பேர் குடிலைச் சுற்றி முழந்தாளில் நின்றார்கள். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெட்டை, தகர மேய்ப்பனைக் கையில் வைத்துக்கொண்டு, நடுமலையை அவனுடைய தடியால் தட்டிப் பார்த்தாள்.

“பேணியக்கா, மற்ற மலையெல்லாம் அமத்த அமுங்குது. இது மட்டும் ஏன் கல்லு மாதிரிக் கிடக்கு?”

“அது மூத்த மலை,” என்றார் அக்கா. “தட்டாதை.”

அவள் இன்னும் ஒருமுறை தட்டினாள். பிள்ளைகள் என்றால் அப்படித்தானே. நான் குனிந்து பார்த்தேன். மலையின் அடியில், கடதாசி மடிப்புக்கு வெளியே, ஒரு சாண் கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு துண்டு நீலக் கட்டம்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“வாங்கோ பிள்ளையள்,” என்றேன். “குடிலுக்குப் பூ வேணும். றோட்டுக்கரையிலை செவ்வரத்தை கிடக்கு, வாங்கோ எல்லாரும்.” என் குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. கடைசிப் பிள்ளையும் படலையைத் தாண்டிய பிறகு, அந்தச் செவ்வரத்தைக்குப் பக்கத்தில் நின்று அந்த நம்பருக்கு எடுத்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தார்கள். ஒழுங்கையை வெறுமையாக்கினார்கள். அக்கா இரண்டு கையிலும் இரண்டு குரக்கன் சிரட்டையை ஏந்திக்கொண்டு றோட்டில் நின்றார். கொட்டிலுக்குள் இரண்டு பேர் போனார்கள். மலையைப் பிரித்தெடுக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, கடற்கரைப் பக்கத்து வெறும் காணிக்குக் கொண்டுபோய், மண்மூட்டை அடுக்கி, எல்லோரையும் காதைப் பொத்தச் சொன்னார்கள்.

அந்தச் சத்தத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒழுங்கையின் யன்னல் எல்லாம் அதிர்ந்தன. பனையில் இருந்த காகம் முழுக்க எழும்பியது. முன்பல் விழுந்தவள் தாயின் சீலைக்குள் தலையை ஒளித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வன்னிப் பெட்டை வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “கோது இல்லையம்மா. முழுசாய் இருந்தது,” என்றாள்.

அக்கா ஒன்றுதான் கேட்டார். “அந்தத் துணி?”

அவளுக்கு விளங்கவில்லை. “எந்தத் துணியம்மா?” என்றாள். எனக்கு விளங்கியது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உன்ரை வேலை முடிஞ்சுதே?” என்று அக்கா என்னைக் கேட்டார். பதில் எதிர்பார்க்கவில்லை. சிரட்டைகளை மதிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் வளவைச் சுற்றி நாடா கட்டினார்கள். அக்கா அதே ஒழுங்கையில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறைக்குப் போனார். அந்த அறை யன்னலால் பார்த்தால் நாடா தெரியும். நான் இரண்டு முறை போனேன். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை உள்ளே இருந்து குரல் வந்தது.

“உன்னட்டைக் குடுக்க என்னட்டை ஒரு வேலையும் இல்லை, போ.”

அதற்குப் பிறகு நான் போகவில்லை. எங்கள் பக்கம் மீன் கொண்டு வருகிறவர் சொல்லித்தான் அங்கத்தைப் புதினம் வரும். வளவுக்குள் இன்னும் மூன்று எடுத்துவிட்டார்களாம். ஒன்று கிணற்றடியில். ஒன்று கத்தரிப் பாத்திக்கு நேர் கீழே. மாரி தொடங்கியதால் வேலையைப் பாதியில் நிற்பாட்டிவிட்டார்களாம். மழைக்குப் பிறகுதான் மிச்சம். அந்த மிச்சத்துக்குள் என்ன இருக்கும் என்று நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

பிறகு மார்கழி வந்தது. பாடசாலை கடைசி நாள். மத்தியானம் படலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிற தம்பி ஒரு சாமானை நீட்டினான்.

“பேணியக்கா தந்து விட்டவ.”

நத்தார் நட்சத்திரம். ஐந்து கூர். சிவப்பும் வெள்ளையுமாய், பாய் இழைக்கிற மாதிரி நெருக்கமாய் இழைத்து, கூர் ஒவ்வொன்றிலும் தகரப் பேணியில் வெட்டிய ஒரு மணி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு மனுசி என்னை நினைத்திருக்கிறது. மன்னித்துவிட்டது என்று கூட நினைத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன வடிவு.

அப்போதுதான் விரலுக்கு வழவழப்புத் தட்டியது. துணி இல்லை. பிளாஸ்ரிக். வெயில் பட்டால் மூன்று மாதத்தில் அந்தச் சிவப்பு வெளிறி றோசாகிவிடும். பக்கத்து வளவில் பார்த்திருக்கிறேன். இது வெளிறவில்லை. குங்குமம் மாதிரி இருந்தது. நேற்றுக் கட்டின நாடா மாதிரி.

“தம்பி, இது ஒண்டே செய்தவ?”

“ஒண்டோ? பின்னுக்குப் பாருங்கோவன்.”

ஆட்டோவின் பின் இருக்கை முழுக்க நட்சத்திரம். ஒன்றின்மேல் ஒன்றாய், மணிகளோடு.

“கோயில் ஒழுங்கைக்கு முழுக்கக் குடுத்திட்டன் அக்கா. இது மிச்சம். சுத்திவர எவ்வளவு நாடா சும்மா கிடந்ததாம், காத்துக்கு அடிபட்டுக்கொண்டு. ஒரு வேலை குடுத்தனான் எண்டு சொல்லச் சொன்னவ.” அவன் சிரித்தான். “இன்னொண்டும் சொன்னவ. போன வருஷம் விழுந்த விதையிலை பூசணி தானாய் முளைச்சு வளவு முழுக்கப் படர்ந்து கிடக்காம். காலை வைக்க இடமில்லாமல் காய்ச்சிருக்காம். பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு ஒழுங்கைச் சின்னனுகள் எல்லாத்தையும் பிடுங்க வரச் சொல்லியிருக்கிறாவாம். உங்களையும் வரட்டாம். இனிப்புச் செய்யோணுமாம்.”

திரும்பிப் பார்த்தேன், விறாந்தைச் சுவரில் மணி ஒன்றரை. அங்கே பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

“ஏறுறன், எடு,” என்றேன். செருப்பும் போடவில்லை. ஆட்டோவுக்குள் நட்சத்திரங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு அந்த நம்பரைத் தேடினேன். மேட்டில் ஏறும்போதெல்லாம் என்னைச் சுற்றி அத்தனை மணியும் கிலுங்கின. மூன்றாம் முறைதான் எடுத்தாள்.

நான் யார் என்று சொன்னேன். எந்த வளவு என்று சொன்னேன். பிள்ளைகள் போகிறார்கள் என்றேன். அவள் பதறவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்:

“இல்லையக்கா, பயப்பிடாதேங்கோ. அதுக்குள்ளை ஒருத்தரும் போகமாட்டினம். போன கிழமைதான் நாங்கள் புது நாடா கட்டினனாங்கள். சுத்திவரக் கட்டிக் கிடக்கு.”

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “நாடா என்ரை மடியிலை கிடக்கு.”